லினக்ஸ் கற்பவர்கள் முதல் வாரத்திலேயே சந்திக்கும் மனிதர்... யார் இந்த டென்னிஸ் ரிச்சி?

லினக்ஸ் சர்வர் நிர்வாகம் படிக்கப் போகும் யாருக்கும் முதல் வாரப் பாடம் ஏறக்குறைய ஒன்றுதான். ஃபைல்களைப் பட்டியலிடுவது, யார் படிக்கலாம், யார் எழுதலாம் என பெர்மிஷன் கொடுப்பது, சந்தேகம் வந்தா 'மேன்' என்று டைப் செய்து மேனுவலைப் பார்ப்பது. இதெல்லாம் லினக்ஸோடு பிறந்தவை இல்லை. லினக்ஸ் வந்தது 1991-ல். அதற்கு சுமார் 20 வருஷம் முன்பே, அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் இந்தப் பழக்கங்கள் வந்துவிட்டன. அதற்குக் காரணமான இருவரில் ஒருவர் டென்னிஸ் ரிச்சி.

1941-ல் நியூயார்க் மாநிலத்தில் பிறந்தவர். அப்பாவும் பெல் ஆய்வக விஞ்ஞானி. ஹார்வர்டில் இயற்பியல் படித்து, அங்கேயே பிஎச்டி ஆய்வேட்டையும் எழுதி முடித்தார். ஆனா பைண்டிங் செய்த பிரதியைக் கொடுக்கவே இல்லை, பட்டமும் வரவில்லை. 1967-ல் அப்பா வேலை பார்த்த ஆய்வகத்திலேயே சேர்ந்தார்.

அப்போது பெல், எம்ஐடி, ஜெனரல் எலக்ட்ரிக் மூன்றும் சேர்ந்து 'மல்டிக்ஸ்' என்ற பிரம்மாண்ட ஆபரேட்டிங் சிஸ்டத்தை உருவாக்கிக்கொண்டிருந்தன. வேலை இழுத்துக்கொண்டே போக, 1969-ல் பெல் கழன்றுகொண்டது. ரிச்சியின் சகா கென் தாம்ப்சன், அதிகம் பயன்படாமல் கிடந்த ஒரு பிடிபி-7 கம்ப்யூட்டரில் சின்னதாக ஒரு சிஸ்டம் எழுதத் தொடங்கினார். ரிச்சியும் கூட உட்கார்ந்தார். அதுதான் யுனிக்ஸ்.

டெர்மினல், டிஸ்க், டேப் எல்லாத்தையும் ஃபைல் மாதிரியே காட்டிவிடலாம் என்பது ரிச்சியின் யோசனை. இன்றைக்கும் லினக்ஸில் ஹார்டு டிஸ்க் 'டெவ்' டைரக்டரிக்குள் ஒரு ஃபைலாகத் தெரிவது இதனால்தான். 1971 நவம்பரில் முதல் மேனுவல் வந்தது. அதில் கட்டளைகளுக்குக் கீழே அவற்றின் குறைகளுக்கென்றே ஒரு பகுதி இருந்தது!

பிறகு ரிச்சி சி மொழியை உருவாக்கினார். 1973-ல் யுனிக்ஸ் அந்த மொழியிலேயே திரும்ப எழுதப்பட்டது. சி பெரிய கதை, பலருக்கும் தெரிந்ததுதான். சர்வரைக் காப்பவர்களுக்கு அதைவிட நெருக்கமானது அவருடைய இன்னொரு கண்டுபிடிப்பு.

அதற்கு முன் பிரச்சினை என்னன்னு பார்ப்போம். எல்லோருடைய பாஸ்வேர்டும் ஒரே ஃபைலில் இருக்கிறது. அதில் எழுத 'ரூட்' என்ற தலைமைப் பயனருக்கு மட்டுமே அனுமதி. அப்படியென்றால் சாதாரண பயனர் தன் பாஸ்வேர்டை எப்படி மாற்றுவார்? எல்லோருக்கும் அனுமதி கொடுத்தால் பாதுகாப்பே போச்சு.

ரிச்சியின் தீர்வு 'செட்யூஐடி'. ஒரு புரோகிராமை யார் இயக்கினாலும், அது ஓடும் நேரத்துக்கு மட்டும் அதன் சொந்தக்காரரின் அதிகாரம் அதற்குக் கிடைக்கும். பேங்க் லெட்ஜரில் நாம் கை வைக்க முடியாது. கேஷியர் நம் கணக்கில் மட்டும் வரவு வைத்துத் தருவார் இல்லையா, அதுபோல. 1973-ல் பேட்டன்ட்டுக்கு விண்ணப்பித்து, 1979-ல் ரிச்சி பெயரில் கிடைத்தது. பிறகு அது பொதுப் பயன்பாட்டுக்கே விடப்பட்டது.

உங்கள் லினக்ஸில் 'பாஸ்வேர்டு' கட்டளைக்கான ஃபைலின் பெர்மிஷனைப் பாருங்கள். பெரும்பாலும் 'எக்ஸ்' இருக்க வேண்டிய இடத்தில் 'எஸ்' இருக்கும். அந்த ஒரு எழுத்துதான் ரிச்சியின் வேலை. ஆபத்தும் அதில்தான். இப்படிப்பட்ட புரோகிராமில் ஓட்டை இருந்தால் ஹேக்கர் கையில் மொத்த சர்வரும் போய்விடும். அதனால்தான் 'எஸ்' உள்ள ஃபைல்களைத் தேடிப் பார்த்து, தேவையில்லாததை நீக்கச் சொல்லிக் கொடுக்கிறார்கள்.

இவ்வளவு யோசித்தவரின் சொந்த பாஸ்வேர்டு? பழைய யுனிக்ஸ் ஃபைல்களில் இருந்து பின்னாளில் அதை உடைத்துப் பார்த்தார்கள். வெறும் நான்கு எழுத்து, 'டிஎம்ஏசி'. அவருடைய முழுப் பெயரே டென்னிஸ் மக்அலிஸ்டர் ரிச்சிதான்!

1983-ல் தாம்ப்சனுடன் டூரிங் விருது பெற்றார். 1991-ல் பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ், யுனிக்ஸின் கோடைத் தொடாமல், அதன் வழிமுறைகளை வைத்துப் புதிதாக லினக்ஸ் எழுதினார். எழுதியது ரிச்சியின் சி மொழியில்.

2011 அக்டோபர் 5-ல் ஸ்டீவ் ஜாப்ஸ் இறந்தபோது உலகமே அதைப் பேசியது. ஒரு வாரம் கழித்து, அக்டோபர் 12-ல், நியூஜெர்சியில் தனியாக வசித்த வீட்டில் ரிச்சி இறந்து கிடப்பது தெரியவந்தது. வயது 70. டிவிகளில் பெரிய செய்தி இல்லை. அடுத்த மாதம் வெளியான ஃபெடோரா 16 என்ற லினக்ஸ் பதிப்பு அவர் நினைவுக்கு அர்ப்பணிக்கப்பட்டது.