மாதம் 4 ரூபாய் சம்பளம், 114 விக்கெட்

ஞாயிற்றுக்கிழமை சேவை முடிஞ்சதும் தேக்காவில் தே தாரிக் குடிக்கப் போவது எங்கள் குழுவின் வழக்கம். அங்கே கிரிக்கெட் பேச்சு வந்துட்டா போதும், பஸ் வந்து போவதுகூடத் தெரியாது. போன மாதம் வந்த கேள்வி இது: தன் காலத்து ஆட்டக்காரர்கள் எல்லாரையும் விட ரொம்ப உயரத்தில் நின்றவர் யார்? ஒருத்தன் பிராட்மன் என்றான். சராசரி 99.94 என்றதும் யாரும் வாயைத் திறக்கல. இன்னொருத்தி முரளிதரன் என்றாள், 800 டெஸ்ட் விக்கெட். நான் பல்வங்கர் பாலு என்றேன். எல்லாரும் என்னைப் பார்த்தாங்க. ஆறு மாதத்துக்கு முன்னால் எனக்கும் அந்தப் பெயர் தெரியாது.

அவரைப் பற்றி இந்த இதழில் எழுதணும்னு தோன்றியதற்கு விக்கெட் மட்டும் காரணமில்லை. அவர் ஆடிய அணியின் பெயரே ‘இந்துக்கள்’.

பாலு 1870களின் நடுவில் தார்வாடில் பிறந்தார். தோல் தொழிலைக் காரணம் காட்டி ஊர் ஒதுக்கி வைத்த சமார் சாதி. அப்பாவுக்கு ராணுவத்தில் வேலை என்பதால் குடும்பம் பூனாவில் இருந்தது. பாலுவுக்குக் கிடைத்த முதல் வேலை பார்சிக்காரர்களின் கிளப்பில் பிட்ச்சைப் பெருக்கி உருளை இழுப்பது. மாதம் 3 ரூபாய். பிறகு 1892 வாக்கில் வெள்ளைக்காரர்களின் பூனா கிளப்பில் 4 ரூபாய். வலை கட்டணும், கோடு போடணும், துரைமார் பயிற்சிக்கு வந்தால் பந்து போடணும். கிரேக் என்ற சிறந்த பேட்ஸ்மேன் எல்லாருக்கும் முன்னாடியே வந்து பாலுவைப் பந்து போடச் சொல்வாராம். தன்னை அவுட்டாக்கும் ஒவ்வொரு தடவைக்கும் 8 அணா கொடுப்பார் என்று ஒரு கதை உண்டு. நான் பொறியியல் படிக்கிறவன், கணக்குப் போடாம இருக்க முடியல: 8 அணா அரை ரூபாய், எட்டு தடவை அவுட்டாக்கினால் ஒரு மாதச் சம்பளம்!

இப்படி மணிக்கணக்கில் போட்டுப் போட்டுத்தான் அந்த இடது கைச் சுழல் கூர்மையானது. ஆனால் அங்கே ஒருத்தரும் அவர் கையில் மட்டையைக் கொடுக்கல. பேட்டிங் துரைமார் சமாச்சாரம்.

பூனாவின் இந்து கிளப்புக்கு வெள்ளைக்காரர்களை ஜெயிக்க ஆசை. பாலு இல்லாம முடியாது. சாதியைப் பார்த்துத் தயங்கி, கடைசியில் சேர்த்துக்கிட்டாங்க. மைதானத்தில் எல்லாரும் அதே பந்தைத் தொட்டாங்க. தேநீர் இடைவேளை வந்ததும் மற்றவங்க பெவிலியனுக்குள்ளே பீங்கான் கோப்பையில் குடிச்சாங்க. பாலுவுக்கு வெளியே, குடிச்சதும் தூக்கி எறியும் மண் குவளை. சாப்பாடு தனித் தட்டில், தனியாக. முகம் கழுவணும்னா தண்ணீர் ஊற்ற அவரைப் போலவே ஒதுக்கப்பட்ட ஒரு வேலையாள் வரணும். அன்றைக்கு எதிரணியைச் சுருட்டியவரே அவர்தான் என்றாலும் இதில் மாற்றமில்லை.

இதைப் படிச்சப்போ எனக்கு வேற ஒண்ணு ஞாபகம் வந்தது. போன வருஷம் ஒரு அன்னதானத்தில் பரிமாறிக்கிட்டு இருந்தேன். வயசான ஒருத்தர் ரொம்ப அன்பாகத்தான் கேட்டார்: தாத்தா ஊர் எது, நீங்க என்ன ஆளுங்க? நான் சாம்பார் வாளியைக் கிளறுகிற மாதிரி நின்னுட்டு அடுத்த வரிசைக்குப் போயிட்டேன். பதில் சொல்லியிருக்கணுமா, திருப்பிக் கேட்டிருக்கணுமா, இன்னும் தெரியல.

1896இல் பூனாவை விட்டுப் பாலு பம்பாய் வந்தார். ரயில்வேயில் வேலை கிடைத்தது. அங்கே கிரிக்கெட் எப்படி நடந்ததுன்னு புரியணும்னா நம்ம பாடாங்கை நினைச்சுக்குங்க. ஒரு முனையில் ஐரோப்பியர் 1852இல் தொடங்கிய சிங்கப்பூர் கிரிக்கெட் கிளப், மறுமுனையில் யூரேசியர்கள் 1883இல் தொடங்கிய ரிக்ரியேஷன் கிளப். பம்பாயிலும் இனத்துக்கு ஒரு ஜிம்கானா, மதத்துக்கு ஓர் அணி. இந்து ஜிம்கானாவிலும் முணுமுணுப்பு எழுந்தது, ஆனாலும் பாலு சேர்ந்தார். போகப் போக அங்கே எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடவும் ஆரம்பிச்சாங்க.

1906இல் இந்துக்கள் ஐரோப்பியர்களை 109 ரன் வித்தியாசத்தில் தோற்கடிச்சாங்க. பாலுவுக்கு 8 விக்கெட். தம்பி சிவராமும் அந்த அணியில் இருந்தார். அடுத்த வருஷமும் வெற்றிதான். 1911இல் பாட்டியாலா மகாராஜா தலைமையில் அகில இந்திய அணி இங்கிலாந்து போனது. அந்த அணி பெரும்பாலான ஆட்டங்களில் தோற்றது. தோளில் வலியோடு, 35 வயசில், பாலு எடுத்தது 114 விக்கெட். சராசரி 19க்கும் கீழே. முதல்தர ஆட்டங்கள் மொத்தம் 33தான் ஆடினார், அதில் 179 விக்கெட், சராசரி 15.21. இந்தியா முதல் டெஸ்ட் ஆடியது 1932இல். அதற்குள் அவருக்கு வயசு 50ஐத் தாண்டிவிட்டது.

இவ்வளவு செய்தவருக்கு இந்துக்கள் அணியின் தலைவர் பதவி மட்டும் வரல. 1913இல் எம். டி. பை தலைவரானார். பிராமணரான அவரே, இது பாலுவுக்குப் போயிருக்க வேண்டிய கௌரவம் என்று வெளிப்படையாகச் சொன்னார். 1920இல் பாலுவை அணியிலிருந்தே நீக்கினாங்க, தம்பி விட்டலுக்கும் தலைமை தரல. விட்டலும் சிவராமும் காரணத்தைப் பகிரங்கமாகச் சொல்லிவிட்டு விலகினாங்க. பெரிய சலசலப்பு. இறுதியாட்டத்தில் பாலு துணைத்தலைவராகத் திரும்பினார். நடுவில் பை வெளியே போனபோது கொஞ்ச நேரம் அணியை நடத்தினார். அவருக்குக் கிடைத்தது அவ்வளவுதான். 1923இல் விட்டல் தலைவரானார், இந்துக்கள் கோப்பையை ஜெயிச்சாங்க, கூட்டம் விட்டலைத் தோளில் தூக்கிக் கொண்டு போனது.

இளவயது அம்பேத்கருக்குப் பாலு ஒரு நாயகன். பிறகு ரெண்டு பேரும் எதிரெதிரே நின்னாங்க. 1932இல் தனித்தொகுதி வேண்டாம் என்ற பக்கத்தில் பாலுவும் நம்ம மெட்ராஸ் எம். சி. ராஜாவும் இருந்தாங்க. பூனா ஒப்பந்தத்தில் பாலுவின் கையெழுத்து உண்டு. இந்து மதத்தை விட்டு வெளியேறுவேன் என்று அம்பேத்கர் அறிவித்ததையும் பாலு ஏற்கல. 1937 தேர்தலில் காங்கிரஸ் அவரை அம்பேத்கருக்கு எதிராக நிறுத்தியது, சுமார் 2,000 வாக்கில் தோற்றார். யார் சரி என்று தேக்காவில் என்னைக் கேட்டாங்க. மண் குவளையில் குடித்தவருக்கு உள்ளேயே இருந்து போராடுகிறேன் என்று சொல்ல உரிமை இருக்கு. வெளியே போகிறேன் என்று சொல்ல அம்பேத்கருக்கும் உரிமை இருக்கு. பீங்கான் கோப்பை வரிசையில் இருந்தவங்க ரெண்டு பேருக்கும் புத்தி சொல்வதைத்தான் என்னால் ஏத்துக்க முடியல.

பாலு 1955 ஜூலை 4 அன்று பம்பாயில் காலமானார்.

நான் பேசி முடிச்சதும் பிராட்மன் பக்கம் நின்றவன் போனை எடுத்து, அவர் பந்து போடுகிற வீடியோ இருக்கான்னு தேடினான். 1911 அணியின் குழுப்படம்தான் கிடைத்தது. அதைப் பெரிசாக்கி, இதில் பாலு யார் என்று எங்களைக் கேட்டான். ஆறு பேரும் குனிஞ்சு தேட ஆரம்பிச்சோம்.