ஆவுடையக்காள்

குற்றாலத்துக்குக் குளிக்கப் போகிறவர்களுக்குச் செங்கோட்டை தெரியும். தென்காசிக்கு மேற்கே, மலை அடிவாரத்தில் உள்ள ஊர். 1956-ம் ஆண்டு நவம்பர் 1-ந்தேதிதான் அது தமிழகத்தோடு சேர்ந்தது. அதற்கு முன் திருவிதாங்கூர்ச் சீமையில் இருந்தது.

அந்த ஊரில் சுமார் 300 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்தவர் ஆவுடையக்காள். ஞானப் பாட்டுகள் பாடிய பெண்மணி.

சிறு வயதில் விதவை

அக்காள் பிராமணக் குடும்பத்தில் பிறந்தார். அந்தக் கால வழக்கப்படி, பாண்டி ஆடுகிற வயதிலேயே கல்யாணம் செய்து வைத்துவிட்டார்கள். கணவன் இறந்து போனான். தாலி என்றால் என்ன என்று புரியும் முன்பே தாலி போய்விட்டது.

அந்தக் காலத்தில் விதவையின் பாடு எப்படி இருந்தது? பூ கூடாது. நகை கூடாது. தலைமயிரை எடுத்துவிடுவார்கள். நல்ல காரியங்களில் முகம் காட்டக் கூடாது. வீட்டில் ஒரு மூலைதான் இடம். சிரித்துப் பேசினால் குற்றம். விதவை மறுமணச் சட்டம் 1856-ல்தான் வந்தது. குழந்தைக் கல்யாணத்தைத் தடுக்கும் சட்டம் வந்தது 1929-ல். அக்காள் பிறந்ததோ இவற்றுக்கெல்லாம் வெகு காலம் முன்பு.

ஆகவே, அக்காளைச் சுற்றி எப்போதும் மௌனம் இருந்தது. ஆனால் அது ஊரார் போட்ட வாய்ப்பூட்டு. வாயைப் பூட்டிவிட்டால் மனம் அடங்கிவிடுமா? உள்ளே அழுகையும் கேள்வியும் ஓயாமல் புரளும். இதை மௌனம் என்று சொல்வதே தப்பு.

ஐயாவாள் வந்தார்

கும்பகோணத்துக்குப் பக்கத்தில் திருவிசநல்லூர் என்று ஒரு கிராமம். கார்த்திகை அமாவாசை அன்று அங்கே ஒரு வீட்டுக் கிணற்றில் குளிக்கக் கூட்டம் கூடும். அந்த வீடு ஸ்ரீதர ஐயாவாள் என்ற மகானுடையது. தஞ்சையை சாகஜி மன்னர் 1684 முதல் 1712 வரை ஆண்டார். அந்தக் காலத்தில் வாழ்ந்தவர் ஐயாவாள்.

அவர் செங்கோட்டைக்கு வந்தபோது அக்காளுக்கு உபதேசம் செய்தார் என்பது வழிவழியாக வரும் வரலாறு. ஊருக்கு ஆத்திரம் வந்தது. விதவைப் பெண்ணுக்கு வேதாந்தமா என்று கேட்டார்கள். அக்காளைத் தள்ளி வைத்தார்கள். அக்காள் கலங்கவில்லை.

அவர் கற்ற வேதாந்தம் என்ன? உடம்பு நான் அல்ல. மனம் நான் அல்ல. பிறகு நான் யார் என்று அசையாமல் இருந்து உள்ளே பார்க்க வேண்டும். ஆற்றில் வெள்ளம் வரும்போது கலங்கல் தண்ணீரை மொண்டு குடத்தில் வைப்பார்கள். ஆட்டாமல் விட்டால் மண் அடியில் படியும். தண்ணீர் தெளியும். கையை விட்டுத் துழாவினால் தெளியுமா?

அக்காள் அப்படி இருந்து பார்த்தார். பெண், விதவை, அபசகுனம் என்று ஊர் வைத்த பெயர்கள் எல்லாம் உடம்போடு ஒட்டியவை, தன்னோடு ஒட்டியவை அல்ல என்று கண்டுகொண்டார். வீட்டு மூலை அதே மூலைதான். ஆனால் இப்போது அங்கே இருந்த அமைதி அவருடைய சொந்த அமைதி. பாட்டு அதிலிருந்து வந்தது.

ராணியின் கதை

அவர் பாடியவற்றுள் ஒன்று 'சூடாலைக் கும்மி'. சூடாலை ஒரு ராணி. ஞான வாசிட்டத்தில் வருகிறவள். அரண்மனையில் இருந்தபடியே நான் யார் என்று ஆராய்ந்து ஞானம் பெற்றாள். கணவனுக்குச் சொன்னாள். பெண் பேச்சுதானே என்று அவன் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

பிறகு ராஜாவுக்கே வெறுப்பு வந்தது. ஒரு நாள் இரவில் நாட்டை விட்டுக் காட்டுக்குப் போனான். பல ஆண்டுகள் தவம் கிடந்தான். உடம்பு வற்றியது, மனம் அடங்கவில்லை. சூடாலை ஒரு பிராமண வாலிபனாக உருமாறி அவனிடம் போனாள். இன்னும் எதையோ விடாமல் வைத்திருக்கிறீர் என்றாள். ராஜா குடிசையைக் கொளுத்தினான். தடியையும் கமண்டலத்தையும் விட்டான். அதுவும் போதவில்லை. விட வேண்டியது நான் என்கிற நினைப்பு என்று கடைசியில் அவள்தான் அவனுக்குப் புரிய வைத்தாள்.

எத்தனையோ கதைகள் இருக்க, அக்காள் ஏன் இதைக் கும்மியாக்கினார்? காடும் தனிமையும் கிடைத்த ஆண்பிள்ளைக்கு மனம் அடங்கவில்லை. வீட்டுக்குள் இருந்த பெண்ணுக்கு அடங்கியது. இதில் அக்காளின் சொந்தக் கதையும் இருக்கிறது என்றே எனக்குத் தோன்றுகிறது.

பெண்களின் பாட்டு

பண்டிதர்கள் மெச்ச வேண்டும் என்று அக்காள் பாடவில்லை. கும்மி, அம்மானை, பள்ளு, குறவஞ்சி என்று பெண்கள் காதுக்குப் பழகிய மெட்டுகளிலே பாடினார். தீட்டு, எச்சில் என்று ஒதுக்குவதைக் கேலி செய்தார். எல்லாம் ஒரே பொருள் என்றால் தீட்டு எங்கே ஒட்டும் என்பது அவர் வழக்கு. விதவையைத் தீட்டாக எண்ணிய காலத்தில் இப்படிப் பாட மிகுந்த துணிச்சல் வேண்டும்!

ஓர் ஆடி அமாவாசை அன்று குற்றால அருவியில் நீராடி, அக்காள் மலை ஏறினார் என்பார்கள். அப்புறம் திரும்பவில்லை.

பாட்டுகள் மட்டும் தங்கின. திருநெல்வேலிச் சீமையில் பிராமண வீட்டுப் பெண்கள் அவற்றை வாய்ப்பாடமாகப் பாடி வந்தார்கள். அவர்களில் பலர் விதவைகள். எழுதத் தெரிந்தவர்கள் நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைத்தார்கள். பாட்டியிடமிருந்து பேத்திக்குப் போன அந்தப் பாட்டுகள், 2002-ல் தபோவனம் ஞானானந்த நிகேதன் வெளியிட்ட திரட்டில் அச்சாகியிருக்கின்றன.