தலையில் தூக்கிய கைகளே தரையில் போட்டன



இந்த வாரம் ஒரு பெரிய பாட்டுக்காரரின் கதை. பெயரைச் சொன்னால் வீட்டில் இருக்கும் கிழவர் நிமிர்ந்து உட்காருவார். எம்.கே. தியாகராஜ பாகவதர்! இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு அவரைத் தெரியாது. இதை எழுதுவதே முக்கியமாக அவர்களுக்காகத்தான். இன்றைக்கு ஒரு இளம் நடிகனைப் பற்றியோ, பந்து விளையாட்டுக்காரனைப் பற்றியோ ஒரு கெட்ட சேதி வந்தால் போதும். உண்மையா பொய்யா என்று பார்ப்பதற்குள் லயம் முழுக்கக் கைப்பேசியில் பரவிவிடுகிறது. இது புது வியாதி என்று நினைக்கிறோம். இல்லை தோழர்களே, இது பழைய வியாதி. வண்டிதான் புதுசு.

பாகவதர் 1910-இல் மாயவரத்தில் பிறந்தார். பொற்கொல்லர் குடும்பம். பிழைப்புக்காகக் குடும்பம் திருச்சிக்கு வந்தது. பையனுக்குப் படிப்பிலும் நாட்டமில்லை, பட்டறையிலும் நாட்டமில்லை. பாட்டு, பாட்டு, பாட்டுத்தான். தகப்பனார் கண்டித்தார். பையன் வீட்டை விட்டு ஓடிக் கடப்பைக்குப் போய்விட்டான் என்றும், அங்கே ஒரு கூட்டத்துக்கு நடுவே அவன் பாடிக் கொண்டிருந்ததைத் தகப்பனாரே போய்க் கண்டார் என்றும் சொல்வார்கள். அதன் பிறகு தடுக்கவில்லை. திருச்சியில் ரயில்வே அதிகாரியாக இருந்த நாடகப் பித்தர் எப்.ஜி. நடேச ஐயர் அந்தக் குரலைக் கேட்டார். அரிச்சந்திரன் நாடகத்தில் லோகிதாசன் வேடம் கொடுத்தார். அப்படித்தான் பட்டறை வீட்டுப் பிள்ளை மேடை ஏறினான்.

1934-இல் ‘பவளக்கொடி’ படம் வந்தது. கதாநாயகனுக்கு வயது 24. 1937-இல் ‘சிந்தாமணி’ வந்தது. ஒரே கொட்டகையில் ஒரு வருஷத்துக்கு மேல் ஓடியது. அந்தப் படத்தில் வந்த லாபத்தில் மதுரையில் ஒரு கொட்டகையே கட்டி, அதற்குச் சிந்தாமணி என்றே பெயரும் வைத்தார்கள் என்றால் பார்த்துக் கொள்ளுங்கள். அதே வருஷம் ‘அம்பிகாபதி’. பிறகு ‘திருநீலகண்டர்’, ‘அசோக்குமார்’, ‘சிவகவி’.

அவர் முடி விட்ட மாதிரி இளைஞர்கள் முடி விட்டார்கள். அதற்குப் பாகவதர் கிராப் என்றே பெயர். பட்டு ஜிப்பா, காதில் கடுக்கன், நெற்றியில் பொட்டு என்று அவர் வந்து நின்றால் ஜனங்கள் சாமியைப் பார்ப்பது போலப் பார்த்தார்கள். தங்கத் தட்டில் சாப்பிட்டார் என்றுகூடக் கதை உண்டு. தங்கத் தட்டோ, பித்தளைத் தட்டோ, சனங்கள் அதை நம்ப ஆசைப்பட்டார்கள். அதுதான் முக்கியம். தங்களைப் போலக் கஷ்டப்பட்ட வீட்டிலிருந்து போன ஒருவன் தங்கத் தட்டில் சாப்பிடட்டுமே என்று மனசார வாழ்த்தினார்கள்.

ஒரு மனிதனை இவ்வளவு உயரத்தில் உட்கார வைத்தால், அவனை இழுத்துக் கீழே போட்டுக் காசு பண்ண ஒருவன் வராமல் இருப்பானா? சென்னையில் லட்சுமிகாந்தன் என்பவர் வந்தார். கள்ளப் பத்திரம் தயாரித்த வழக்கில் ஏற்கெனவே தண்டனை அனுபவித்தவர். ‘சினிமா தூது’ என்று ஒரு பத்திரிகை தொடங்கினார். எந்த நடிகர் யாரோடு போனார், எந்த நடிகை வீட்டில் யார் தங்கினார், இதுதான் சரக்கு. எழுதாமல் இருப்பதற்குச் சிலர் பணம் கொடுத்தார்கள் என்பது அந்தக் காலத்தைப் பற்றி எழுதிய பலரும் சொல்வது. பாகவதரும், கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணனும், கோயம்புத்தூர் பட்சிராஜா ஸ்டூடியோ ஸ்ரீராமுலு நாயுடுவும் கவர்னரிடம் மனு கொடுத்தார்கள். பத்திரிகையின் அனுமதி போயிற்று. ஆனாலும் அவர் விடவில்லை. ‘இந்துநேசன்’ என்ற வேறு பத்திரிகை வழியாக அதே வேலையைத் தொடர்ந்தார்.

இங்கே ஒரு கேள்வி. அந்தப் பத்திரிகையைக் காசு கொடுத்து வாங்கியவர்கள் யார்? வெள்ளைக்காரத் துரைமார்களா? பாகவதர் பாட்டைக் கேட்டுக் கண்ணீர் விட்ட அதே ஜனங்கள்தான். ஒரு கையால் கற்பூரம் காட்டினார்கள், மறு கையால் ‘இந்துநேசன்’ வாங்கினார்கள்.

1944 தீபாவளிக்கு ‘ஹரிதாஸ்’ படம் வந்தது. அதன் கதையைக் கொஞ்சம் கவனியுங்கள். ஹரிதாஸ் ஒரு பணக்கார வீட்டு இளைஞன். ஆட்டம் பாட்டம் என்று திரிகிறான். பெற்ற தாய் தகப்பனை வீட்டை விட்டுத் துரத்துகிறான். தாசி ரம்பையிடம் மயங்கிச் சொத்தையெல்லாம் இழக்கிறான். அந்த ரம்பையாக நடித்தவர் டி.ஆர். ராஜகுமாரி. கடைசியில் கால்களையும் இழந்து, புத்தி வந்து, தாய் தகப்பன் காலடியே கோயில் என்று திரும்புகிறான். கொட்டகையில் எல்லோரும் அழுதார்கள், மன்னித்தார்கள். சென்னை பிராட்வே கொட்டகையில் அந்தப் படம் 1944, 1945, 1946 என்று மூன்று தீபாவளி கண்டது.

ஆனால் ஹரிதாஸாக நடித்த மனிதர் அந்த இரண்டாவது தீபாவளியையும் மூன்றாவது தீபாவளியையும் கண்டது சிறையில்!

நடந்தது இதுதான். 1944 நவம்பர் 8-ந் தேதி சென்னை வேப்பேரியில் ரிக்‌ஷாவில் போன லட்சுமிகாந்தன் கத்தியால் குத்தப்பட்டார். மறுநாள் ஆஸ்பத்திரியில் இறந்தார். அவர் எழுதியது எவ்வளவு அசிங்கமாக இருந்தாலும் அதற்குத் தண்டனை கத்திக்குத்து அல்ல. அவரும் ஒரு உயிர்தான். டிசம்பரில் பாகவதரும் கலைவாணரும், சதி செய்து ஆள் ஏவினார்கள் என்ற குற்றச்சாட்டில் கைதானார்கள். பிறகு ஸ்ரீராமுலு நாயுடுவும் கைதானார். ஐகோர்ட்டில் ஜூரிகள் முன்னால் வழக்கு நடந்தது. 1945 மே 3-ந் தேதி நாயுடு விடுதலையானார். பாகவதருக்கும் கலைவாணருக்கும் தீவாந்தர தண்டனை.

அப்பீல் லண்டன் பிரிவி கவுன்சில் வரை போயிற்று. வழக்கை மறுபடி விசாரிக்க உத்தரவு வந்தது. வக்கீல் எத்திராஜ் வாதாடினார். 1947 ஏப்ரல் 25-ந் தேதி இருவரும் குற்றவாளிகள் அல்ல என்று சென்னை ஐகோர்ட் விடுவித்தது. இரண்டு வருஷத்துக்கு மேல் கழித்துக் கதவு திறந்தது.

கோர்ட் விட்டது. கொட்டகை விட்டதா? 1948-இல் ‘ராஜமுக்தி’ வந்தது. பேருக்கு ஏற்றபடி ராஜாவுக்கு முக்தி கிடைக்கவில்லை, படம் விழுந்தது. 1952-இல் ‘அமரகவி’, ‘சியாமளா’. 1957-இல் ‘புதுவாழ்வு’. ஒன்றும் பழைய மாதிரி நிற்கவில்லை. குரல் போய்விடவில்லை. கச்சேரிக்குக் கூப்பிட்டவர்களுக்குப் பாடிக் கொண்டுதான் இருந்தார். கோயில் கோயிலாகப் போனார். 1959 நவம்பர் 1-ந் தேதி சென்னைப் பொது மருத்துவமனையில் காலமானார். வயது ஐம்பதுகூட ஆகவில்லை. அவர் கடைசியாக நடித்த ‘சிவகாமி’ அவர் கண் மூடிய பிறகு, 1960-இல்தான் வெளிவந்தது.

பழி முழுவதையும் ஜனங்கள் தலையில் போடுவது நியாயமாகாது. காலமும் மாறியிருந்தது. பாட்டுக்காகப் படம் பார்த்த காலம் போய், வசனத்துக்காகப் படம் பார்க்கும் காலம் வந்துவிட்டது. 1949-இல் ‘வேலைக்காரி’, 1952-இல் ‘பராசக்தி’. வேறொருவர் பின்னால் நின்று பாட, நடிகர் வாயசைக்கும் பழக்கமும் வந்தது. அதெல்லாம் உண்மை.

ஆனால் இதையும் பாருங்கள். கூடவே சிறைக்குப் போய்க் கூடவே வெளியே வந்த கலைவாணர் மறுபடி எழுந்து நின்றார். 1949-இல் அவருடைய ‘நல்லதம்பி’யை ஜனங்கள் கைதட்டி வரவேற்றார்கள். ஒரே வழக்கு, ஒரே தண்டனை, ஒரே விடுதலை. ஏன் இந்த வித்தியாசம்? எனக்குப் படுவது இதுதான். கலைவாணரை ஜனங்கள் தங்களில் ஒருவராக வைத்திருந்தார்கள். மனுஷன் விழுவான், எழுவான். பாகவதரைச் சாமியாக்கி விட்டார்கள். சாமிக்கு ஜெயில் ஏது? சாமி மேல் ஒரு தரம் சேறு பட்டால், கழுவின பிறகும் கறை தெரிகிற மாதிரியே இருக்கும்.

இந்தக் கதை சினிமாக்காரர்களோடு முடிகிறதா? நம் தோட்டத்துக்கு வாருங்கள். கட்டிப்பால் காணாமல் போச்சு என்று ஒரு பையன் மேல் பழி விழுகிறது. நிர்வாக விசாரணை நடப்பதற்கு முன்னாலேயே கள்ளுக்கடையில் தீர்ப்பு எழுதிவிடுகிறோம். அவன் தங்கச்சிக்கு வந்த வரன் திரும்பிப் போகிறது. அப்புறம் தொழில் நீதிமன்றம் வரை போய் வேலையைத் திரும்ப வாங்கிக் கொடுத்து விடலாம். சம்பளப் பாக்கியைக்கூட வாங்கிக் கொடுத்து விடலாம். ஆனால் லயத்தில் போன மரியாதையை எந்த நீதிமன்றம் வாங்கிக் கொடுக்கும்? அதைக் கொடுக்க வேண்டியவர்கள் நாம்தான்.

தப்புச் செய்த இளைஞனை விட்டுவிட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. பெண்களிடம் முறைகேடாக நடந்தவன், குடித்துவிட்டுக் காரை ஓட்டி ஆளைச் சாகடித்தவன் எவ்வளவு பெரிய நடிகனாக இருந்தாலும் சட்டத்துக்குப் பதில் சொல்லட்டும். நம்ம ஆளு என்பதற்காக மூடி மறைப்பதும் பாவம்தான். பாதிக்கப்பட்டவர் கண்ணீருக்கு முன்னால் ரசிகர் மன்றம் பெரிசல்ல.

நான் கேட்பதெல்லாம் மூன்றே மூன்று. ஒருத்தனைச் சாமியாக்காதீர்கள். விசாரணை முடியும் முன் தூக்கில் போடாதீர்கள். நிரபராதி என்று தெரிந்த பிறகு, பழியைப் பரப்பின அதே வாயால் அதையும் நாலு பேருக்குச் சொல்லுங்கள். லட்சுமிகாந்தன் பத்திரிகைக்கு அன்று காசு கொடுக்க வேண்டியிருந்தது. இன்று கைப்பேசியில் ஒரு தட்டுத் தட்டினால், காசே இல்லாமல் நாம் ஒவ்வொருவரும் ஒரு ‘இந்துநேசன்’ நடத்தலாம். நடத்த வேண்டுமா என்பதை நாம்தான் முடிவு செய்ய வேண்டும்.

ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள். ஊர் வாய்க்கு இல்லாவிட்டால் போகட்டும். நம் வாய்க்காவது ஒரு மூடி வைத்திருப்போம்!