வயரே இல்லாமல் வெடித்த வெடிமருந்து: உங்க ஆபீஸ் வைஃபைக்கும் ஜெகதீஷ் சந்திர போஸுக்கும் என்ன சம்பந்தம்?

தீபாவளி சீசனில் சிவகாசி பட்டாசுக் கடையில் கூட்டம் அலைமோதும்போதுதான் பில்லிங் கம்ப்யூட்டரில் வைஃபை கட்டாகும். பேசாமல் வயர் இழுத்திருக்கலாமோ என்று அப்போதுதான் தோணும். வயரா, வைஃபையா? இந்தக் கதை கல்கத்தாவில் தொடங்குகிறது. சிவகாசிக்கு அது தெரிந்த ஊர்தான். 1920-களில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் தீப்பெட்டித் தொழில் கற்றுவந்தது அங்கேதான்.

யார் இந்த போஸ்?

1858-ல் இன்றைய வங்கதேசத்தில் உள்ள மைமன்சிங்கில் பிறந்தவர். கேம்பிரிட்ஜில் படித்துவிட்டு, 1885-ல் கல்கத்தா பிரசிடென்சி கல்லூரியில் இயற்பியல் பேராசிரியரானார். அதே வேலை பார்த்த வெள்ளையர்களைவிட இவருக்குச் சம்பளம் குறைவு. மூன்று வருஷம் சம்பளமே வாங்காமல் பாடம் நடத்தினார். கடைசியில் நிர்வாகம் இறங்கிவந்தது, பாக்கியையும் சேர்த்து முழுச் சம்பளம் கொடுத்தது.

1895-ல் என்ன நடந்தது?

கண்ணுக்குத் தெரியாத மின்காந்த அலையை போஸ் ஓர் அறையிலிருந்து அனுப்பினார். இடையில் இரண்டு சுவர்கள், 23 மீட்டர் தூரம். அந்தப் பக்கம் மணி அடித்தது, வெடிமருந்தும் வெடித்தது. நடுவில் வயரே கிடையாது. அந்த அலையின் அதிர்வெண் சுமார் 60 ஜிகாஹெர்ட்ஸ்.

நம்ம வைஃபையும் இப்படித்தானா?

அடிப்படை அதேதான். ஒரே கட்டடத்தில் உள்ள கம்ப்யூட்டர், பிரின்டர், போன் எல்லாவற்றையும் இணைப்பதுதான் லேன். வயர்டு லேனில் டேட்டா கேபிள் வழியாகப் போகும். வைஃபையில் ரேடியோ அலையில் போகும். 2.4 ஜிகாஹெர்ட்ஸ் சுவரை ஓரளவு தாண்டும், வேகம் குறைவு. 5 ஜிகாஹெர்ட்ஸ் வேகமானது, ஆனா சுவர் வந்தால் சீக்கிரம் பலவீனமாகும். போஸ் பயன்படுத்திய 60 ஜிகாஹெர்ட்ஸிலும் இப்போ வைஃபை உண்டு. பெரும்பாலும் ஒரே அறைக்குள்தான் எடுபடும். மணி அடிக்க ஒரு சிக்னல் போய்ச் சேர்ந்தால் போதும், வீடியோவுக்கு அது விடாமல் வரணும் இல்லையா?

அப்போ எதை எடுப்பது?

இடம் மாறாத பில்லிங் கம்ப்யூட்டர், சிசிடிவி, பெரிய காலண்டர் டிசைன் ஃபைல்களைக் கையாளும் அச்சக கம்ப்யூட்டர் இதுக்கெல்லாம் கேபிள்தான் சரி. பக்கத்து கடை வைஃபையோட மோதாது, வேகமும் ஏறி இறங்காது. சாதாரண லேன் கேபிளை ஒரே இழுப்பில் 100 மீட்டர் வரை கொண்டுபோகலாம். போன், டேப்லெட், கையோடு நகரும் லேப்டாப்புக்கு வைஃபை. ரூட்டரை அலமாரிக்குள் ஒளித்துவைக்காமல், நடுவில் உயரமா வைத்தாலே பாதி பிரச்னை தீரும்.

பெயர் ஏன் போஸுக்குப் போகவில்லை?

கண்டுபிடிப்பைக் காசாக்குவதில் அவருக்கு ஆர்வமில்லை. நண்பர்கள் வற்புறுத்தித்தான் 1904-ல் ஓர் அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது. 1909-ல் வயர்லெஸ் தந்திக்கான நோபல் மார்க்கோனிக்கும் பிரவுனுக்கும் போனது. அதற்குள் போஸ் தாவர ஆராய்ச்சிக்கு நகர்ந்திருந்தார். 1917-ல் கல்கத்தாவில் சொந்தமாக ஆராய்ச்சி நிறுவனம் தொடங்கி, 1937-ல் காலமானார். 1895 சோதனையை மைல்கல்லாக சர்வதேசப் பொறியாளர் அமைப்பான ஐட்ரிபிள்ஈ அங்கீகரித்தபோது வருஷம் 2012. அதற்குள் வைஃபை நம் வீடுகளுக்குள்ளேயே வந்திருந்தது.