வை. மு. கோதைநாயகி அம்மாள்

வை. மு. கோதைநாயகி அம்மாள் (டிசம்பர் 1, 1901 - பெப்ரவரி 20, 1960) தமிழ்ப் புதின எழுத்தாளர், இதழாசிரியர், விடுதலைப் போராட்ட வீரர் ஆவார். மேடைப் பேச்சாளராகவும் இசைக் கலைஞராகவும் அறியப்பட்டவர். பள்ளிக் கல்வி பெறாத இவர் 115 புதினங்களை எழுதினார். ஜகன்மோகினி என்னும் மாத இதழை 1925 முதல் ஏறத்தாழ 35 ஆண்டுகள் நடத்தினார். சுருக்கமாக வை.மு.கோ. என்று அழைக்கப்பட்டார். பெண்ணொருத்தி எழுத்தாளராக வாழ்வதற்கு எத்தகைய சூழலும் வசதிகளும் தேவை என்பதை ஆராய்வோருக்கு இவரது வாழ்க்கை முக்கியமான சான்றாக விளங்குகிறது.

பிறப்பும் இளமையும்

கோதைநாயகி நீர்வளூர் வெங்கடாச்சாரியார், பட்டம்மாள் இணையருக்கு மகளாகப் பிறந்தார். குழந்தைப் பருவத்திலேயே தாயை இழந்ததால் பாட்டி முதலிய உறவினர்களால் வளர்க்கப்பட்டார். அக்கால வழக்கப்படி 1907 ஆம் ஆண்டில், ஐந்தரை வயதில், சென்னை திருவல்லிக்கேணியைச் சேர்ந்த வை. மு. பார்த்தசாரதிக்கு மணம் செய்து வைக்கப்பட்டார். மணமகனும் அப்போது சிறுவரே. வைத்தமாநிதி முடும்பை என்பது கணவர் குடும்பத்தின் பெயராகும். இப்பெயரின் சுருக்கமே வை. மு. என்னும் முன்னெழுத்துகளாகக் கோதைநாயகியின் பெயரோடு சேர்ந்தது.

1901 ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, இந்தியப் பெண்களுள் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் நூற்றுக்கு ஒருவர் என்ற அளவுக்குக்கூட இல்லை. கோதைநாயகியும் பள்ளிக்குச் சென்றவரல்லர். எனினும் வீட்டிலேயே வைணவப் பாசுரங்களையும் புராண, இதிகாசக் கதைகளையும் கேட்டுக் கற்றார். மாமியாரிடமிருந்து தெலுங்கு மொழியைக் கற்றுக்கொண்டார். செவிவழிக் கல்வியே இவரது தொடக்கக் கல்வியாக அமைந்தது. வீட்டிலும் அண்டை வீடுகளிலும் இருந்த குழந்தைகளுக்குக் கதை சொல்வதில் இவர் வல்லவராக இருந்தார். கேட்ட கதைகளைத் திருப்பிச் சொல்வதோடு நில்லாமல் புதிய கதைகளையும் தாமே புனைந்து கூறினார்.

முதல் நூல்

பார்த்தசாரதி நாடகங்களில் ஆர்வம் கொண்டவர். மனைவியையும் நாடகங்களுக்கு அழைத்துச் சென்றார். குடும்பப் பெண்கள் பொது இடங்களுக்குச் செல்வது அரிதாக இருந்த காலம் அது. அக்காலச் சென்னையில் யானைக்கவுனியை ஒட்டிய வால்டாக்ஸ் சாலையில் இருந்த ஒற்றைவாடை நாடகக் கொட்டகை, பார்க் டவுனில் உள்ள விக்டோரியா பொது மண்டபம் ஆகியவை தமிழ் நாடகங்கள் நடைபெற்ற முக்கிய இடங்களாகும். விக்டோரியா பொது மண்டபத்தில் பம்மல் சம்பந்த முதலியாரின் சுகுண விலாச சபை நாடகங்களை நடத்தி வந்தது. இவ்வாறு நகரில் வளர்ந்திருந்த நாடகக் கலையின் ஈர்ப்பினால் கோதைநாயகிக்குத் தாமும் ஒரு நாடகம் இயற்ற வேண்டும் என்ற விருப்பம் தோன்றியது.

ஆனால் அவருக்குச் சரளமாக எழுதத் தெரியாது. எனவே தம் மனத்தில் உருவான நாடகத்தை அவர் சொல்லச் சொல்ல, தோழி பட்டம்மாள் எழுதினார். இவ்வாறு உருவான இந்திர மோகனா என்னும் நாடகம் 1924 ஆம் ஆண்டில் நூலாக வெளிவந்தது. பின்னர் கோதைநாயகி தாமே எழுதப் பழகினார். அருணோதயம், வத்ஸகுமார் முதலிய நாடகங்களும் இவரால் இயற்றப்பட்டன.

நாடகத்தைத் தொடர்ந்து இவர் வைதேகி என்னும் புதினத்தைத் தொடங்கினார். அக்காலத்தில் பெரும் புகழ் பெற்றிருந்த துப்பறியும் புதின ஆசிரியர் வடுவூர் துரைசாமி ஐயங்கார் தொடக்கத்தில் இவருக்கு உதவினார். வைதேகியின் ஒரு பகுதி வடுவூராரின் மனோரஞ்சனி இதழில் வெளிவந்தது. தமிழில் துப்பறியும் புதினம் எழுதிய முதல் பெண் எழுத்தாளர் என்று கோதைநாயகி குறிப்பிடப்படுகிறார்.

ஜகன்மோகினி

பிறர் நடத்தும் இதழ்களில் இடம் கிடைப்பதைச் சார்ந்திருக்காமல் சொந்தமாக ஓர் இதழ் நடத்துவது நல்லது என்ற எண்ணம் எழுந்தது. வெளிவராமல் நின்றுபோயிருந்த ஜகன்மோகினி என்னும் இதழின் உரிமையைப் பெற்று, 1925 ஆம் ஆண்டு முதல் கோதைநாயகி அதனை நடத்தத் தொடங்கினார். வைதேகி அதில் தொடராக வெளிவந்தது.

தமிழ்ப் பெண்கள் புதினம் எழுதுவதும் இதழ் நடத்துவதும் இவருக்கு முன்பே தொடங்கிவிட்டன. பண்டிதை விசாலாட்சி அம்மாள் புதினங்கள் எழுதியதோடு ஹிதகாரிணி என்னும் இதழையும் நடத்தியவர். எனினும் ஒரு பெண் தொடர்ந்து ஏறத்தாழ 35 ஆண்டுகள் ஆசிரியராக இருந்து நடத்தியது ஜகன்மோகினியின் தனிச்சிறப்பாகும்.

இம்முயற்சிக்குக் கடும் எதிர்ப்பு எழுந்தது. ஒரு குடும்பப் பெண் கதை எழுதி வெளியிடுவதையும், அதனைப் பிற பெண்கள் படிப்பதையும் பழமைவாதிகள் இழிவாகக் கருதினர். இதழ்ப் பிரதிகளை எரித்தனர். கோதைநாயகியைத் தெருவில் ஏசினர். இவ்வெதிர்ப்புகளுக்கிடையிலும் இதழ் வளர்ந்தது. வாசகர்களில் வீட்டை விட்டு அதிகம் வெளியே செல்லாத பெண்கள் பலர் இருந்தனர். கதைகளைப் படிப்பதற்காகவே எழுத்துக் கூட்டிப் படிக்கப் பழகிய பெண்களும் உண்டு என்று இவரது வரலாற்றை எழுதியோர் குறிப்பிடுகின்றனர்.

1937 ஆம் ஆண்டில் ஜகன்மோகினிக்குச் சொந்த அச்சகம் அமைக்கப்பட்டது. எழுதுதல், அச்சிடுதல், வெளியிடுதல் ஆகிய மூன்றும் இதன் மூலம் ஒரே இடத்திற்கு வந்தன. எதனை எப்போது வெளியிடுவது என்பதை முடிவு செய்யும் உரிமையும் ஆசிரியரிடமே இருந்தது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் ஏற்பட்ட காகிதத் தட்டுப்பாட்டினால் பல இதழ்கள் தடுமாறின. அக்காலத்தையும் கடந்து ஜகன்மோகினி நீடித்தது.

விடுதலைப் போராட்டம்

1925 ஆம் ஆண்டில் சென்னைக்கு வந்த காந்தியைச் சந்தித்தது இவரது வாழ்வில் திருப்புமுனையாக அமைந்தது. அதன்பின் பட்டாடைகளையும் நகைகளையும் தவிர்த்துக் கதர் உடுத்தத் தொடங்கினார். எஸ். அம்புஜம்மாள் முதலியோருடன் இணைந்து பொதுப்பணிகளில் ஈடுபட்டார். இராஜாஜி, சத்தியமூர்த்தி ஆகியோர் பங்கேற்ற காங்கிரசு மேடைகளில் பேசியும் பாடியும் பரப்புரை செய்தார். கதைசொல்லியாக இவர் பெற்றிருந்த பயிற்சி மேடைப் பேச்சுக்கு உதவியது.

1931, 1932 ஆம் ஆண்டுகளில் கள்ளுக்கடை மறியல், அந்நியத் துணிப் புறக்கணிப்பு ஆகிய போராட்டங்களில் கலந்துகொண்டு சிறை சென்றார். வேலூர்ச் சிறையிலும் இவர் கதை எழுதுவதை நிறுத்தவில்லை. உடனிருந்த பெண் கைதிகளின் வாழ்க்கைக் கதைகளை அறியும் வாய்ப்பும் அங்கே கிடைத்தது. உத்தமசீலன், சோதனையின் கொடுமை ஆகிய புதினங்கள் இவரது சிறை வாழ்க்கையோடு தொடர்புடையவையாகக் குறிப்பிடப்படுகின்றன. இவர் சிறையில் இருந்த காலத்தில் ஜகன்மோகினியின் பொறுப்பைக் கணவர் பார்த்தசாரதி கவனித்துக்கொண்டார்.

இசை

கோதைநாயகி இனிய குரல்வளம் உடையவர். தாமே பாடல்களையும் இயற்றியுள்ளார். பெண்கள் கச்சேரி மேடையில் பாடுவது இயல்பாக ஏற்றுக்கொள்ளப்படாத காலத்தில், டி. கே. பட்டம்மாளைப் பொதுமேடையில் பாட ஊக்குவித்தவர்களுள் இவரும் ஒருவர்.

புதினங்களின் உள்ளடக்கம்

இவரது புதினங்கள் எதிர்பாராத திருப்பங்களும் மர்மங்களும் நிறைந்தவை. நீண்ட உரையாடல்கள், தற்செயல் நிகழ்வுகள், இறுதியில் அறம் வெல்லுதல் ஆகியவை இவற்றின் பொதுவான கூறுகள். இவற்றில் நாடக மேடையின் செல்வாக்கினைக் காணலாம். தொடக்க காலப் புதினங்களில் மர்மமும் துப்பறிதலும் மிகுந்திருந்தன. காங்கிரசு இயக்கத்தில் ஈடுபட்டபின் சமூகச் சீர்திருத்தம் முதன்மை பெற்றது. குழந்தைத் திருமணம், வரதட்சணை, கைம்பெண் நிலை, பெண்கல்வி, மதுவிலக்கு, தேசபக்தி ஆகியவை இவரது கதைப்பொருள்களாக அமைந்தன.

குழந்தைத் திருமணத் தடைச் சட்டம் 1929 ஆம் ஆண்டில் இயற்றப்பட்டது. சாரதா சட்டம் என அழைக்கப்பட்ட இது பெண்ணின் குறைந்தபட்சத் திருமண வயதை 14 ஆகவும் ஆணின் வயதை 18 ஆகவும் வரையறுத்தது. ஐந்தரை வயதில் மணம் முடிக்கப்பட்ட கோதைநாயகிக்கு இது சொந்த அனுபவத்தோடு தொடர்புடைய சிக்கலாகும்.

பெண் எழுதுவதற்கான சூழல்

கோதைநாயகி ஜகன்மோகினியை நடத்தத் தொடங்கிய சில ஆண்டுகளுக்குப் பின், 1928 ஆம் ஆண்டு அக்டோபரில், ஆங்கில எழுத்தாளர் வர்ஜீனியா வுல்ஃப் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் இரு மகளிர் கல்லூரிகளில் பெண்களும் புனைகதையும் பற்றி உரையாற்றினார். இவ்வுரைகளை விரிவாக்கி 1929 இல் நூலாக வெளியிட்டார். புனைகதை எழுத விரும்பும் பெண்ணுக்குச் சொந்த வருமானமும் தனக்கென ஓர் அறையும் வேண்டும் என்பது அந்நூலின் மையக் கருத்து. ஆண்டுக்கு 500 பவுண்டு வருமானத்தை அவர் அதற்கு அளவாகக் குறிப்பிட்டார். வுல்ஃபும் தம் கணவருடன் சேர்ந்து ஹோகார்த் பதிப்பகத்தை நடத்தியவர் என்பது இங்கு நினைக்கத்தக்கது.

கோதைநாயகியின் சூழல் இதனின்றும் வேறுபட்டது. அவருக்கு மரபுவழிச் சொத்தோ கல்லூரிக் கல்வியோ கிடைக்கவில்லை. கூட்டுக் குடும்ப வாழ்வில் கதவைத் தாழிட்டுக்கொண்டு எழுதும் தனிமையும் எளிதன்று. அவருக்கு முதலில் தேவைப்பட்டது எழுதித் தர ஒரு கை. அது பட்டம்மாளிடமிருந்து கிடைத்தது. அடுத்துத் தேவைப்பட்டது வெளியே சென்று உலகைக் காணும் வாய்ப்பு. அதற்குக் கணவர் துணை நின்றார். அதன்பின் எழுதியதை வெளியிட ஓர் இதழும் அச்சிட ஓர் அச்சகமும் வேண்டியிருந்தன. இவற்றை அவர் படிப்படியாக அடைந்தார். படித்து ஆதரிக்கும் பெண் வாசகர்களும் உருவாயினர்.

இவ்வாய்ப்புகளுள் பல கணவரின் இசைவைச் சார்ந்திருந்தன என்பதையும் கவனிக்க வேண்டும். குடும்பம் தடுத்திருந்தால் அவரது கதைகள் வீட்டுக் குழந்தைகளோடு நின்றிருக்கும். அவ்வாறு எழுத்தில் பதிவாகாமல் போன கதைசொல்லிப் பெண்கள் எத்தனை பேர் என்பதை அறிய வழியில்லை. ஆகவே கோதைநாயகியின் வெற்றி தனி ஒருவரின் திறமைக்கு மட்டுமன்றி, திறமை வெளிப்படுவதற்குத் தேவையான துணைகளுக்கும் எடுத்துக்காட்டாகும்.

இறுதிக் காலம்

காந்தியின் மறைவையொட்டி 1948 ஆம் ஆண்டில் மகாத்மாஜி சேவா சங்கம் என்னும் அமைப்பைத் தொடங்கி, பெண்களுக்கும் ஆதரவற்றோருக்கும் உதவினார். விடுதலைப் போராட்டத்தில் பங்கேற்றமைக்காக அரசு தமக்கு வழங்கிய 10 ஏக்கர் நிலத்தை வினோபா பாவேயின் பூதான இயக்கத்திற்கு அளித்தார்.

1956 ஆம் ஆண்டில் ஒரே மகன் சீனிவாசன் காலமானார். இவ்விழப்பு கோதைநாயகியைப் பெரிதும் பாதித்தது. பின்னர் காசநோயால் பாதிக்கப்பட்ட அவர், தாம்பரம் காசநோய் மருத்துவமனையில் 1960 பெப்ரவரி 20 அன்று காலமானார்.

மதிப்பீடு

எழுதத் தொடங்கியதிலிருந்து மறைவு வரை, சராசரியாக ஆண்டுக்கு மூன்று புதினங்களுக்கு மேல் இவர் எழுதியுள்ளார். மாதந்தோறும் இதழுக்குத் தொடர்கதை தரவேண்டிய தேவை இதற்கு ஒரு காரணம். விரைந்து எழுதியதால் நடையிலும் கதை அமைப்பிலும் ஒரே தன்மை திரும்பத் திரும்ப வருவதாக விமர்சகர்கள் கருதுகின்றனர். இலக்கிய வரலாறுகளில் இவர் பெரும்பாலும் வெகுசன எழுத்தாளர் என்ற அளவிலேயே குறிப்பிடப்பட்டார். பிற்காலத்தில் பெண் எழுத்து வரலாற்றை ஆராய்ந்தோர் இவரது இதழ்ப் பணிக்கும் வாசகர்களை உருவாக்கிய பணிக்கும் கூடுதல் முக்கியத்துவம் அளித்தனர்.

புதினங்களுள் சில

- வைதேகி
- பத்மசுந்தரன்
- சண்பகவிஜயம்
- ராதாமணி
- கௌரிமுகுந்தன்
- நவநீதகிருஷ்ணன்
- சியாமளநாதன்
- நளினசேகரன்
- உத்தமசீலன்
- தயாநிதி

திரைப்படமான கதைகளுள் சில

- ராஜமோகன் (1937)
- அநாதைப் பெண் (1938)
- சித்தி (1966) - தயாநிதி புதினத்தைத் தழுவி கே. எஸ். கோபாலகிருஷ்ணன் இயக்கிய படம். கோதைநாயகியின் மறைவுக்குப் பின் வெளிவந்தது.