மகாராணிக்கு மயக்க மருந்து கொடுத்த தொழிலாளி மகன்



ஆபரேஷன் என்று டாக்டர் சொன்னதும் நம்மில் பலருக்குக் கத்தியைவிட மயக்க மருந்தின்மேல்தான் பயம் அதிகம். மயங்கினால் மறுபடி கண் முழிப்போமா என்று யோசித்தே ஆஸ்பத்திரிக்குப் போகாமல் நாளைக் கடத்துபவர்கள் இருக்கிறார்கள். இந்தப் பயம் ஒரு காலத்தில் நியாயமான பயம்தான். அந்த ஆபத்து எங்கிருந்து வருகிறது என்று தேடிப் பிடித்தவர் ஒரு கூலித் தொழிலாளியின் மகன். அவருடைய வரலாற்றைத்தான் இங்கே படிக்கப் போகிறீர்கள்.

ஜான் ஸ்னோ 1813ஆம் ஆண்டு மார்ச் 15ஆம் நாள் இங்கிலாந்தில் உள்ள யார்க் நகரில் பிறந்தார். ஆற்றோரத்தில் ஏழைகள் வாழ்ந்த பகுதி அது. ஒன்பது பிள்ளைகளில் அவரே மூத்தவர். 14 வயதிலேயே வீட்டை விட்டு நியூகாசல் நகருக்குப் போய், ஒரு வைத்தியரிடம் தங்கித் தொழில் கற்றார். 1831-32இல் காலரா நோய் அங்கே பரவியபோது, நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளிகளைக் கவனிக்கும் பொறுப்பு பதினெட்டே வயதான அவர் தலையில் விழுந்தது. சுரங்கத்துக்குள் கக்கூஸ் கிடையாது, கை கழுவத் தண்ணீரும் கிடையாது. அந்தக் கையாலேயே அவர்கள் சாப்பிட்டார்கள். இதை அவர் கடைசிவரை மறக்கவில்லை.

மேற்படிப்புக்காக 1836இல் லண்டனுக்குப் புறப்பட்டவர் நடந்தே போய்ச் சேர்ந்தார் என்றால் நம்புவீர்களா? படித்து டாக்டரானார். 1844இல் எம்.டி. பட்டமும் பெற்றார். மதுவைத் தொடுவதில்லை. பதினேழு வயதிலிருந்து பல வருஷம் மாமிசமும் சாப்பிடாமல் இருந்தார்.

அந்தக் காலத்து ஆபரேஷன் எப்படி இருந்தது என்று கொஞ்சம் எண்ணிப் பாருங்கள். நோயாளிக்கு நல்ல நினைவு இருக்கும். பலசாலிகள் நாலு பேர் அவரை அமுக்கிப் பிடிப்பார்கள். டாக்டர் சில நிமிஷங்களில் காலை அறுத்து எடுப்பார். யார் வேகமாக அறுக்கிறாரோ அவரே கெட்டிக்கார டாக்டர்!

1846ஆம் ஆண்டு அக்டோபர் 16ஆம் நாள் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் வில்லியம் மார்ட்டன் என்ற பல் வைத்தியர் ஈதர் ஆவியை முகரவைத்து ஒரு நோயாளியை மயங்கச் செய்தார். டாக்டர் கழுத்துக் கட்டியை அறுத்தார். அந்த வருஷ முடிவுக்குள் செய்தி லண்டனுக்கு வந்துவிட்டது. எல்லாரும் ஈதரை முகரவைக்க ஆரம்பித்தார்கள். ஆனால் சிலர் பாதியில் முழித்து அலறினார்கள். சிலருக்கு மயக்கமே வரவில்லை.

ஸ்னோ மட்டும் ஏன் இப்படி என்று கேட்டார். ஈர வேட்டி வெயிலில் சீக்கிரம் காய்கிறது, மழை நாளில் காய்வதில்லை அல்லவா? ஈதரும் அப்படித்தான். சூடு கூடினால் அதிகமாக ஆவியாகும், குளிர்ந்தால் குறையும். அப்படியானால் நோயாளி எவ்வளவு மருந்தை உள்ளே இழுக்கிறார் என்பது யாருக்கும் தெரியவில்லை என்றுதானே அர்த்தம்? எந்தச் சூட்டில் எவ்வளவு ஆவி என்று அவர் கணக்குப் போட்டார். மருந்து இருக்கும் கருவியை வெதுவெதுப்பான தண்ணீரில் வைத்து, ஒரே அளவு ஆவி வரும்படி செய்தார். மூச்சு, கண், கைகால் அசைவு ஆகியவற்றைப் பார்த்து மயக்கத்தின் ஆழத்தை ஐந்து படிகளாகப் பிரித்தார். இவையெல்லாம் 1847இல் புத்தகமாக வந்தன.

அதே வருஷம் எடின்பரோவில் டாக்டர் சிம்ப்சன் குளோரோபாமைக் கொண்டுவந்தார். அது ஈதரைவிட வேகமானது, ஆபத்தும் கூடுதல். 1848 ஜனவரியில் நியூகாசல் பக்கத்தில் 15 வயதுப் பெண் ஒருத்திக்குக் கால் நகத்தை எடுக்கக் குளோரோபாம் கொடுத்தார்கள். சில நிமிஷத்தில் அவள் இறந்து போனாள். நகத்துக்காக ஓர் உயிர்! கைக்குட்டையில் ஊற்றி மூக்கில் வைத்தால் காற்றோடு எவ்வளவு மருந்து போகிறது என்று தெரியாது. ஒரே மூச்சில் அதிகம் போனால் இருதயம் நின்றுவிடும் என்று ஸ்னோ எச்சரித்தார். காற்றில் நூற்றுக்கு 5 பங்குக்கு மேல் அந்த ஆவி சேரக் கூடாது என்பது அவர் கணக்கு. ஒவ்வொரு நோயாளியைப் பற்றியும் நோட்டில் எழுதி வைத்தார். 4,000 பேருக்கு மேல் குளோரோபாம் கொடுத்தார்.

1853 ஏப்ரல் 7ஆம் நாள் விக்டோரியா மகாராணியின் எட்டாவது பிரசவத்துக்கு அரண்மனை அவரை அழைத்தது. அங்கே கைக்குட்டையைத்தான் உபயோகித்தார். ஆனால் நினைவு தப்பாதபடி, வலி வரும்போது மட்டும் சில துளிகள்; இப்படி 53 நிமிஷம். 1857இல் ஒன்பதாவது பிரசவத்துக்கும் அவரே. மகாராணியே ஏற்றுக்கொண்ட பிறகு சாதாரணப் பெண்களின் பயமும் குறைந்தது.

இதற்கிடையில் 1854இல் லண்டனில் சோகோ பகுதியில் காலரா வந்து 600 பேருக்கு மேல் மாண்டார்கள். கெட்ட காற்றால் வருகிறது என்றார்கள் பெரியவர்கள். ஸ்னோ வீடு வீடாகப் போய் விசாரித்தார். பிராட் தெருவில் இருந்த ஒரே தண்ணீர்ப் பம்பைச் சுற்றியே சாவு அதிகம் என்று காட்டினார். பம்பின் கைப்பிடியைக் கழற்றினார்கள். அவர் சொன்னதைப் பலரும் ஒத்துக்கொள்ளும் முன்னே, குளோரோபாம் பற்றிய புத்தகத்தை எழுதிக்கொண்டிருக்கும்போது பக்கவாதம் தாக்கி, 1858 ஜூன் 16இல் அவர் காலமானார். வயது 45தான். புத்தகம் அவர் மறைந்த பிறகே வெளிவந்தது.

இன்று ஆபரேஷனுக்குக் குளோரோபாம் கிடையாது. மயக்க மருந்துக்கென்றே படித்த டாக்டர் பக்கத்திலேயே இருந்து மூச்சு, நாடி, ரத்த அழுத்தம், ரத்தத்தில் உள்ள ஆக்சிஜன் எல்லாவற்றையும் விடாமல் கவனிக்கிறார். மருந்தை அளந்து கொடு, ஆளைக் கவனித்துக்கொண்டே இரு என்பது ஸ்னோ போட்ட பாதைதான்.

பெற்றோர்களே, நம் பங்கும் ஒன்று உண்டு. ஆபரேஷனுக்கு முன் சாப்பாடு கொடுக்கக் கூடாது என்று நர்ஸ் சொன்னால், பிள்ளை பசியில் அழுகிறதே என்று ஒளித்து ஒரு வாய் மைலோவும் பிஸ்கட்டும் கொடுத்துவிடாதீர்கள். மயக்கத்தில் இருமவும் விழுங்கவும் முடியாது. வயிற்றில் இருப்பது மேலே வந்து நுரையீரலுக்குள் போனால் உயிருக்கே ஆபத்து. காலைச் சாப்பாட்டுக்கு முன்பே ஆபரேஷன் செய்வது நல்லது என்று ஸ்னோ அன்றே எழுதினார். எத்தனை மணிக்கு மேல் சாப்பிடக் கூடாது, தண்ணீர் எதுவரை குடிக்கலாம் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். ஆடும் பல், ஆஸ்துமா, சளிக்காய்ச்சல், சாப்பிடும் மாத்திரை, நாட்டு மருந்து, பீடி, சாராயம் எதையும் வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். டாக்டர் திட்டமாட்டார். அதற்கேற்ப மருந்தை அளப்பார்.

மாணவச் செல்வங்களே! ஜான் ஸ்னோவிடம் பணமும் இல்லை, சிபாரிசும் இல்லை. ஏன் என்று கேட்கும் குணமும், பார்த்ததை எழுதி வைக்கும் பழக்கமும் இருந்தன. இன்று பரிசு வாங்குகிறவர்களும் சரி, வாங்காதவர்களும் சரி, ஒரு நோட்டும் பென்சிலும் போதும், நீங்களும் ஆரம்பிக்கலாம்.