முதியோருக்கு வாதாடிய லான்ஸ்பரி

உழைத்து ஓய்ந்த கைக்கு ஊர் என்ன தந்தது? ஒரு நாட்டின் நாகரிகத்தை எடைபோட இந்த ஒரு கேள்வி போதும்.

உலகத்தின் செல்வமெல்லாம் வந்து இறங்கிய இடம் லண்டன் துறைமுகம். அந்தச் சரக்குகளைச் சுமந்து சுமந்து முதுகு வளைந்தவன் கிழக்கு லண்டன் தொழிலாளி. வேலை செய்ய வலுவற்றுப் போன நாளில் அவனுக்குத் திறந்திருந்த கதவு ஒன்றே ஒன்று: ஏழையர் விடுதி!

பெயர்தான் விடுதி. வெளியே மிகக் குறைந்த கூலி பெறுபவனின் வாழ்வைவிட உள்ளே இருப்பவனின் வாழ்வு கீழானதாக இருக்க வேண்டும் என்பது 1834-ஆம் ஆண்டுச் சட்டத்தின் அடிப்படை. ஆண்கள் ஒருபுறம், பெண்கள் மறுபுறம். ஆயுள் முழுவதும் சேர்ந்து வாழ்ந்த கிழவனையும் கிழவியையும் வாசலிலேயே பிரித்தார்கள். 60 வயதைத் தாண்டிய தம்பதிகள் கேட்டால் ஒரே அறை தரலாம் என்று 1847-இல் சட்டம் வந்தது. ஆனால் பல விடுதிகளில் அப்படியோர் அறையே கிடையாது! சட்டம் காகிதத்தில் இருந்தது. தம்பதிகள் தனித்தனிக் கொட்டடிகளில் இருந்தார்கள்.

இந்தக் கொடுமையை எதிர்த்து நின்றவர்களில் ஒருவர் ஜார்ஜ் லான்ஸ்பரி. 1859-இல் பிறந்தவர். ரயில் பாதை போடும் பணியில் இருந்தவரின் மகன். சிறு வயதிலேயே வேலைக்குப் போனவர். 1884-இல் பிழைப்புத் தேடி மனைவி மக்களுடன் ஆஸ்திரேலியா சென்று, அல்லல்பட்டு, மறு ஆண்டே திரும்பியவர். பிறகு மாமனாரின் மர அறுவைப் பட்டறையில் உழைத்தவர். வறுமை என்றால் என்ன என்பதை அவருக்கு எவரும் பாடம் நடத்த வேண்டியிருக்கவில்லை.

1893-இல் பாப்ளர் பகுதியின் ஏழையர் பாதுகாவலர் குழுவுக்கு அவர் தேர்ந்தெடுக்கப்பட்டார். வெளியே மதிப்பில்லாத பதவிதான். லான்ஸ்பரி அதைப் போர்க்களமாக்கினார். கூட்ட அறையில் அமர்ந்து கோப்பில் கையெழுத்துப் போடுவதோடு நிற்கவில்லை. விடுதிக்குள் நுழைந்தார். கஞ்சிப் பாத்திரத்தை எட்டிப் பார்த்தார். அதில் எலிப் புழுக்கை கிடந்தது!

அவருக்குத் துணை நின்றவர் வில் குரூக்ஸ். சிறுவனாக இருந்தபோது அதே பாப்ளரின் ஏழையர் விடுதியில் தள்ளப்பட்டவர் அவர். பிள்ளைப் பருவத்தில் எந்த வாசலில் அழுதாரோ, அந்த விடுதிக்கே 1897-இல் குழுத் தலைவரானார். இருவரும் சேர்ந்து உணவைத் திருத்தினார்கள். இழிவுச் சின்னமான விடுதி உடையை நீக்கினார்கள். ஊழல் அதிகாரிகளை வெளியேற்றினார்கள். ஊதாரிச் செலவு என்று செல்வர்கள் கூச்சலிட்டார்கள்; 1906-இல் அரசு விசாரணையும் நடந்தது. லான்ஸ்பரி பின்வாங்கவில்லை.

1908-இல் முதியோர் பென்ஷன் சட்டம் நிறைவேறியது. 1909 ஜனவரி முதல் நாள் பணம் தரத் தொடங்கினார்கள். 70 வயது நிறைந்தவருக்கு வாரம் 5 ஷில்லிங். தொகை சிறிது. ஆனால் அது தரப்பட்ட இடத்தைக் கவனிக்க வேண்டும். ஏழையர் விடுதியின் வாசலில் அல்ல, அஞ்சலகத்தில்! கிழவி தலைகுனிந்து கையேந்தவில்லை. தலைநிமிர்ந்து வாங்கிச் சென்றாள். பிச்சை உரிமையாக மாறிய நாள் அது. ஆனாலும் குறை இருந்தது. ஏற்கெனவே ஏழையர் உதவி பெற்றவர்களுக்குத் தொடக்கத்தில் பென்ஷன் மறுக்கப்பட்டது. மிகவும் ஏழையாக இருந்ததற்கே தண்டனை!

அதனால்தான் போராட்டம் பென்ஷனோடு முடியவில்லை. ஏழையர் சட்டத்தை ஆராய 1905-இல் அமைந்த அரச ஆணையத்தில் லான்ஸ்பரி உறுப்பினர். 1909-இல் பீட்ரிஸ் வெப் அம்மையாருடன் சேர்ந்து, பெரும்பான்மையோர் அறிக்கைக்கு மாறாகச் சிறுபான்மை அறிக்கையில் கையெழுத்திட்டார். அதன் சாரம் எளிது: ஏழையர் சட்டத்தையே கலைத்து விடுங்கள், நோயாளியை மருத்துவத் துறை பார்க்கட்டும், பிள்ளைகளைக் கல்வித் துறை பார்க்கட்டும், முதியவரைப் பென்ஷன் துறை பார்க்கட்டும்.

1921-இல் இன்னொரு போர். ஏழைகள் நிறைந்த பாப்ளர், வேலையற்றோரைக் காக்கத் தானே வரி கட்டித் தேய வேண்டும். பணக்கார வட்டாரங்கள் வேடிக்கை பார்க்கும். இது என்ன நியாயம் என்று கேட்டு, லண்டன் கவுண்டி சபைக்குரிய வரியைத் தர நகரசபை மறுத்தது. 30 உறுப்பினர்கள் சிறை சென்றனர். அவர்களில் 5 பேர் பெண்கள். சிறைக்குள்ளேயே நகரசபைக் கூட்டமும் நடத்தினார்கள்! ஆறு வாரத்தில் அரசு இறங்கி வந்தது. ஏழைகளைக் காக்கும் செலவை லண்டன் முழுவதும் பகிர்ந்துகொள்ளச் சட்டம் பிறந்தது. சிறை சென்ற லான்ஸ்பரியின் மருமகள் மின்னி, 1922 ஜனவரி முதல் நாள், 32 வயதில் மறைந்தார். வெற்றிக்கு அந்தக் குடும்பம் கொடுத்த விலை அது.

நமக்கும் அவருக்கும் ஓர் உறவு உண்டு. அன்னி பெசன்ட் அம்மையார் முன்னின்று உருவாக்கிய இந்தியத் தன்னாட்சி மசோதாவை, 1925-இல் பிரிட்டிஷ் மக்கள் சபையில் கொண்டு வந்தவர் லான்ஸ்பரிதான்.

1932-இல் தொழிற்கட்சியின் தலைவரானார். போரே கூடாது என்ற கொள்கையில் உறுதியாக நின்றதால் 1935-இல் அப்பதவியை விட்டார். 1937-இல் ஹிட்லரையே சந்தித்துச் சமாதானம் பேசியதை வரலாறு ஏற்கவில்லை, நாமும் ஏற்பதற்கில்லை. ஆனால் ஏழையின் பக்கம் நின்றதில் அவர் ஒருநாளும் தவறியதில்லை. 1940 மே 7-இல் கண் மூடினார். எட்டு ஆண்டுகள் கழித்து, 1948 ஜூலை 5-இல் ஏழையர் சட்டம் ஒழிந்தது. பராமரிப்புத் தேவைப்படும் முதியோருக்கு இருப்பிடம் தருவது உள்ளாட்சிகளின் கடமையாயிற்று. அவர் கையெழுத்திட்ட அறிக்கை 39 ஆண்டுகளுக்குப் பின் கனிந்தது.

தோழர்களே! இந்த வரலாறு நமக்குச் சொல்வது இரண்டு. முதியோருக்குச் செய்வது தருமம் அல்ல. அவர்கள் உழைத்து ஈட்டிவிட்ட கூலியின் பாக்கி. இரண்டாவது, சட்டம் வந்துவிட்டது என்று நாம் உறங்கிவிடக் கூடாது. வார்டு உறுப்பினர் பதவியானாலும் சரி, ஊராட்சிப் பதவியானாலும் சரி, அதில் அமர்ந்தவர் முதியோர் இல்லத்துக்கு நேரில் போக வேண்டும். கஞ்சிப் பாத்திரத்தை எட்டிப் பார்க்க வேண்டும்!